மலையிலிருந்து கடலுக்கு: நாலாயிரத்துச் சொச்சத்தில் ஆறு நாள்

முதல் தடவை ராமேஸ்வரம் போனபோது ஒரே நாளில் 2,640 ரூபாய் காலி. கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இன்னும் இருக்கிறது: ஏசி அறை 1,400, தனுஷ்கோடிக்கு ஆட்டோ 700, இளநீர் ஜூஸ் ஐஸ் எல்லாம் சேர்ந்து 240, சாப்பாடு 210, மாத்திரையும் குளுக்கோஸும் 90. இத்தனைக்கும் அன்று நான் கடலைப் பார்த்தது அரை மணி நேரம்தான். உச்சி வெயிலில் தனுஷ்கோடிக் கடைசி முனையான அரிச்சல்முனையில் இறங்கி, தலை சுற்றி, வாந்தி எடுத்து, மதினியின் தோளில் சாய்ந்தபடியே அறைக்குத் திரும்பினேன்.

எனக்குப் பெருமாள்மலை முக்கில் டீக்கடை. கொடைக்கானலுக்கு ஏறுகிற பஸ்ஸும் பழனிக்கு இறங்குகிற பஸ்ஸும் கடையைத் தாண்டித்தான் போகும். பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு வரும் பிள்ளைகள் பிரெட் ஆம்லெட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஊர் சுற்றிய கதை சொல்வார்கள். மாதக்கணக்கில் சுற்றுகிறார்கள், கையில் காசும் பெரிதாக இருக்காது. அவர்களிடம் கேட்டதையும், மதினியோடு நாலு தடவை கடலோரம் போய் அடிபட்டுக் கற்றதையும் சேர்த்து எழுதுகிறேன். இது நம் மலை ஆட்களுக்கு. கீழே இருப்பவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. வெயில் அவர்களுக்கு வீட்டு ஆள் மாதிரி.

கடலோரத்தில் நம் காசைத் தின்பது பஸ் டிக்கெட் இல்லை. அறை வாடகைகூட அப்புறம்தான். வெயில்தான் தின்கிறது. வெயிலில் மாட்டினால் வந்த ஆட்டோவுக்கெல்லாம் கை நீட்டத் தோன்றும், ஏசி இருக்கிறதா என்று கேட்கத் தோன்றும், பத்தடிக்கு ஒரு குளிர்பானம் வாங்கத் தோன்றும். அதனால் நாளை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். விடியலுக்கு முன் கிளம்பிப் பத்து மணிக்குள் நடக்கிற வேலையை முடித்துவிட வேண்டும். பதினொன்றிலிருந்து நாலு வரை அறையில் தூக்கம், இல்லாவிட்டால் ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம். நாலுக்கு மேல் மறுபடி நடை. ஓடுகிற பஸ்ஸில் காற்று வரும், அதைவிட மலிவான ஏசி கிடையாது.

போன பிப்ரவரியில் இப்படியே போய் வந்தோம். ஆறு நாள், ஐந்து இரவு, ஆளுக்கு 4,300. பஸ் ரயில் 720, அறையில் என் பாதி 1,750, சாப்பாடு 1,480, படகு, கழிப்பறைச் சில்லறை, வீட்டுக்கு வாங்கிய தின்பண்டம் 350.

எப்போது போவது

ஏப்ரல், மே நமக்கு சீசன். கடையைப் பூட்டவும் முடியாது, கீழே அக்னி நட்சத்திரத்தைத் தாங்கவும் முடியாது. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகு மீன் வரும், விலைதான் ஏறியிருக்கும். ஆடிக்காற்றில் மணல் பறந்து கண்ணைத் திறக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் புயலில்தான், ஞாபகம் இருக்கட்டும்.

மிச்சம் இருப்பது பொங்கல் கூட்டம் இறங்கிய பிறகு, மாசி வரைக்கும். இங்கே உறைபனி, சாயங்காலம் ஆனால் கடைக்கு ஆள் வராது. அங்கே கடற்காற்று இதமாக இருக்கும். ஆனால் நாள்காட்டியைப் புரட்டாமல் கிளம்பாதீர்கள். தை அமாவாசைக்கும் மகா சிவராத்திரிக்கும் ராமேஸ்வரத்தில் அறை கிடைப்பது கஷ்டம். தைப்பூசத்துக்குப் பழனியும் திருச்செந்தூரும் பாதயாத்திரைக் கூட்டத்தில் முங்கிவிடும். பௌர்ணமிக்குத் திருச்செந்தூர் வருகிற கூட்டமும் இப்போது பெரிது. கூட்ட நாளில் வாடகை இரட்டிப்பாகும். மூன்று நாள் தள்ளிப் போனால் அதே அறை பாதி விலை.

பையில் என்ன

மகள் விட்டுப்போன பள்ளிக்கூடப் பைதான் என் பை. அதற்குள் அடங்காதது வேண்டாம். பருத்தியில் மூன்று செட் துணி. நம் வீட்டில் இருப்பதெல்லாம் கம்பளியும் நைலானும்தான், அது அங்கே உடம்போடு ஒட்டிக்கொண்டு கொப்பளம் போடும். சந்தையில் ஒரு பருத்திச் சட்டையோ சுடிதாரோ புதிதாக வாங்கினாலும் நஷ்டமில்லை. ஷூவும் சாக்ஸும் வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். குடை ஒன்று, மழைக்கு அல்ல. மெல்லிய துண்டு இரண்டு. கொசுவுக்கு ஓடோமாஸ், மலையில் இருந்து போகிறவர்களைக் கடலோரக் கொசு மோப்பம் பிடித்து வருகிறது என்று மதினி சொல்வாள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இரண்டு பேரும் ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். ஷாம்பு பாக்கெட் கூடுதலாக எடுங்கள். பல ஊர்களில் குளிக்கிற தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்காது.

எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் நம்மிடம் எப்படியும் இருக்கும். குடிப்பதுதான் பிரச்சினை. குளிரில் நாம் நாளெல்லாம் நாலு டம்ளர் தண்ணீரில் ஓட்டிவிடுவோம், தாகம் எடுத்தால்தான் குடிப்பது பழக்கம். அங்கே தாகம் எடுக்கும்போது நேரம் கடந்திருக்கும். நான் மணிக்கொரு தடவை மதினியையும், மதினி என்னையும் அதட்டிக் குடிக்க வைத்துக்கொள்வோம். எலுமிச்சை, உப்பு, சர்க்கரை மூன்றும் ஒரு சின்ன டப்பாவில் இருந்தால் குளுக்கோஸ் வாங்கவே வேண்டாம்.

அரை கிலோ மலைப்பூண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

இறங்குவது

காலை பஸ்ஸில் வத்தலக்குண்டு வழியாக மதுரை. கொடைக்கானல் பஸ் மதுரையில் நிற்பது ஆரப்பாளையம். ராமேஸ்வரம், தூத்துக்குடி, நாகர்கோவில் பஸ் புறப்படுவது மாட்டுத்தாவணி. ஊரின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். ஆட்டோக்காரர் சூழ்ந்துகொள்வார், "வேண்டாம்ணே" என்று சொல்லிவிட்டு டவுன் பஸ் ஏறுங்கள். பெண்களுக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் காசு கிடையாது, முன்கண்ணாடியில் எழுதியிருக்கும். பயணம் முழுக்க இது பெரிய உதவி. ஊர் விட்டு ஊர் போகிற பஸ்ஸுக்கு இது செல்லாது, இரண்டையும் குழப்பிக்கொண்டு கண்டக்டரிடம் சண்டை போடாதீர்கள். நான் ஒரு தடவை போட்டிருக்கிறேன்.

ராமேஸ்வரத்துக்கு மட்டும் நான் ரயில்தான் சொல்வேன். முன்பதிவில்லாப் பெட்டியில் பஸ்ஸைவிட நல்ல மலிவு, கழிப்பறையும் உண்டு. பாம்பனில் 1914 முதல் ஓடிய பழைய பாலத்தை மூடிவிட்டார்கள். பக்கத்திலேயே புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. கப்பல் வந்தால் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும். பகல் வெளிச்சத்தில் பாலத்தைக் கடக்கும் வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். இரண்டு பக்கமும் தண்ணீர்தான், எந்த ஜன்னலும் நல்ல ஜன்னலே. வாசற்படியில் மட்டும் நிற்காதீர்கள், காற்று தள்ளும்.

அறை எடுக்கும்போது

ஒரு தடவை தனியாகப் போனேன். ஒரு கோயில் ஊரில் அடுத்தடுத்து மூன்று லாட்ஜில் "ஒத்தை ஆளுக்கு ரூம் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். கோபம் வந்தது, என்ன செய்வது. இரவு ஒன்பது மணிக்குப் பை தூக்கி நின்றால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டி வரும். தனியாகப் போகிறவர்கள் போன் போட்டு முன்பே கேட்டுவிடுங்கள், கோயில் விடுதிகளிலும் விசாரியுங்கள். இரண்டு பேராகப் போனால் வாடகையும் பாதி, தொல்லையும் பாதி.

மேல்மாடி அறை வேண்டவே வேண்டாம். மலையில் நாம் வெயில் படும் அறையைத் தேடுவோம், அங்கே அது அடுப்பு. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு பன்னிரண்டு மணி வரை சூட்டைக் கக்கும், மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் இறக்கும். மேலே இன்னொரு மாடி இருக்கிற அறையாக, கடல் பக்கம் ஜன்னல் உள்ளதாகக் கேளுங்கள். பிப்ரவரியில் அதற்கு ஏசி தேவையில்லை. பணம் கொடுப்பதற்கு முன் மூன்று பாருங்கள்: ஜன்னல் திறக்கிறதா, மின்விசிறி வேகமாகச் சுற்றுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா. இருபத்துநாலு மணிக் கணக்கா, காலையில் காலி செய்ய வேண்டுமா என்பதையும் வாயால் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். நம் திட்டத்தில் மதியத் தூக்கம் முக்கியம், காலையிலேயே காலி செய்யச் சொன்னால் எல்லாம் கெட்டது.

வழி

ராமேஸ்வரத்தில் இரண்டு இரவு. இரண்டாம் நாள் விடிந்ததும் அரிச்சல்முனைக்குப் பஸ். தார்ச்சாலை முனை வரைக்கும் போகிறது, 2017இல் திறந்தது. அதற்கு முன் மணலில் ஜீப்தான். திரும்பும் வழியில் இடிந்த தேவாலயமும் பழைய ரயில் நிலையத்தின் மிச்சமும் நிற்கும் இடத்தில் இறங்கிப் பாருங்கள். அடுத்த பஸ் எப்போது என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நிழல் கிடையாது. முனையில் தண்ணீரில் இறங்காதீர்கள். இரண்டு பக்கக் கடலும் சேருகிற இடம், இழுப்பு அதிகம். நமக்கு ஏரியில் பெடல் போட் மிதிக்கத் தெரியும், நீச்சல் யாருக்குத் தெரியும்?

பத்து மணிக்கு அறை. மதியம் கோயில் நடை சாத்தியிருக்கும், நீங்களும் தூங்குங்கள். சாயங்காலம் பிராகாரம். அந்த நீளத்தை முதல் தடவை பார்த்த மதினி, "நம்ம ஊர்ல இவ்வளவு தூரம் நேரா பார்க்கவே முடியாதே" என்றாள். உண்மைதான், மலையில் எந்த வழியும் இருபது அடிக்கு மேல் நேராகப் போகாது.

மூன்றாம் நாள் காலை 22 தீர்த்தம். வாளி வாளியாக ஊற்றுவார்கள், மாற்றுத்துணி ஒரு கவரில் தனியாக இருக்கட்டும். மதியம் கிளம்பி ராமநாதபுரம் வந்து, இரண்டு மணிக்கு மேல் தூத்துக்குடி பஸ் பிடியுங்கள். கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார் வழியாகப் போகிற பஸ்ஸா என்று கேட்டு ஏற வேண்டும். இடது பக்க ஜன்னல். ரோடு தென்மேற்காகப் போவதால் அந்த நேரத்து வெயில் வலது பக்கக்காரர்களுக்கு, கடல் நமக்கு. கடல் எப்போதாவதுதான் தெரியும். மற்றபடி பனை, பனை, உடைமரம், மறுபடி பனை. எனக்கு அலுக்கவில்லை. மதினி தூங்கிவிட்டாள்.

கீழக்கரையில் இறங்கித் தொதல் வாங்கினோம். தேங்காய்ப்பால் போட்டுக் கிண்டுகிற அல்வா மாதிரி, வெயிலில் கெடாது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றோம், அதற்கு அது தகும்.

தூத்துக்குடிக்கு இரவில் போய்ச் சேர்வது நல்லது. அங்கே பரோட்டாக் கடைக்கு நைட் கிளப் என்று பேர். "பக்கத்துல நல்ல நைட் கிளப் இருக்குக்கா, போங்க" என்று லாட்ஜ் தம்பி சொன்னதும் மதினி முகம் போன போக்கை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். இரண்டு பரோட்டா, சால்னா, அவ்வளவுதான் அந்த கிளப். காலையில் விடிந்ததும் ஊருக்கு வெளியே உப்பளம் பாருங்கள். ஏழரை மணிக்கு மேல் அந்த வெள்ளையைப் பார்த்தால் கண் கூசும். பாத்தியில் இறங்கி நிற்கும் பெண்கள் வேலை செய்கிறவர்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். பிறகு பனிமய மாதா கோயில். ஒரு கால் கிலோ மக்ரூன், முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் அடித்துச் சுட்டது. ஈரக்காற்று பட்டால் நமத்துவிடும், காற்றுப் புகாத டப்பா வேண்டும்.

பூண்டு இங்கேதான் வேலை செய்தது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வீட்டு முன்னறையில் மெஸ் நடத்துகிற ஓர் அக்காவிடம் முதல் தடவை சும்மா நாலு பல் காட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, "எங்க ஊர்ப் பூண்டுக்கு இந்த வாசம் ஏது" என்றார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தது எல்லாம் அவருக்குத் தெரியாது, மூக்குக்குத் தெரிந்தது. அடுத்த வருடம் அரைக் கிலோ கொண்டுபோனேன். பதிலுக்கு இரண்டு வேளை மீன் குழம்புச் சாப்பாடும் ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடும். உப்பு வண்டி ஓட்டிய உமணர் காலத்திலிருந்து உப்புக்கு மலைச் சரக்கு மாற்றியவர்கள்தானே நாம். பணமாகப் பார்த்தாலும் லாபம். காசுக்கு வாங்கியிருந்தால் அந்தச் சாப்பாடு கிடைத்திருக்குமா தெரியாது. ஓட்டல் தேடும்போது இப்படிப்பட்ட மெஸ்ஸாகத் தேடுங்கள். மதியம் பன்னிரண்டரைக்கே போய்விட வேண்டும், ஒன்றரைக்கு மீன் தீர்ந்துவிடும்.

நாலாம் நாள் மதியம் திருச்செந்தூர், நாற்பது கிலோமீட்டர்தான். வெயில் இறங்கியதும் மணப்பாடு. மணல்மேட்டின் மேல் தேவாலயம், கீழே உப்பங்கழி, அந்தப் பக்கம் கடல். 1542இல் வந்த சவேரியார் தங்கிய குகை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நாலு நாளில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், செலவு பஸ் காசு மட்டும். வழியில் உடன்குடியில் கருப்பட்டி வாங்கலாம். இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.

ஐந்தாம் நாள் விடியலில் கடல் குளியல், கோயில் பக்கத்து நாழிக்கிணற்றில் ஒரு குளியல், கூட்டம் சேர்வதற்குள் தரிசனம். பழனி மாதிரியே இங்கேயும் கோயிலில் நாள் முழுக்க அன்னதானம் உண்டு. வரிசை பார்த்துச் சாப்பிட்டுவிட்டு, உவரி, கூடங்குளம் வழியாகக் கன்னியாகுமரி பஸ். இதிலும் இடது ஜன்னல்.

கன்னியாகுமரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள். சூரியன் மறைவதும் உதிப்பதும் இலவசம். படகு வேண்டுமானால் போய்ச் சேர்ந்த அன்றே வரிசையில் நில்லுங்கள். விவேகானந்தர் பாறையில் இறங்கினால் கண்ணாடிப் பாலம் வழியாக வள்ளுவர் சிலைக்கு நடந்துவிடலாம். காற்று அதிகமானால் படகை நிறுத்திவிடுவார்கள், அதை நம்பித் திரும்பும் பஸ்ஸைத் திட்டமிடாதீர்கள். சனி, ஞாயிறாக இருந்தால் அறையை நாகர்கோவிலில் எடுங்கள். இருபது கிலோமீட்டர்தான், வாடகை இறங்கிவிடும்.

பைக்கில் போகலாமா என்று கடையில் தம்பிகள் கேட்கிறார்கள். போகலாம். பெட்ரோல் கணக்குப் போட்டால் இரண்டு பேருக்கு பஸ்ஸைவிடக் கூடத்தான் வரும், வெயில் முழுக்க உங்கள் தலையில். மலை இறங்கும்போது கியரில் இறங்குங்கள், பிரேக்கையே அழுத்திக்கொண்டு போனால் வத்தலக்குண்டுக்குள் சூடேறிப் பிடிக்காமல் போகும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று ஒரு வாரத்தில் துருவேற்றிவிடும். என் பை ஜிப்புக்கே அதுதான் கதி, மெழுகுவத்தி தேய்த்துத்தான் திறக்கிறேன்.

திரும்பும் நாள்

காலை எட்டு மணிக்குள் கன்னியாகுமரியை விட்டால் மதுரை ஆரப்பாளையத்தில் மூன்று மணிக்கு பஸ் பிடித்து, இருட்டும் நேரத்துக்குப் பெருமாள்மலை. அதற்கு மேல் தாமதித்தால் கடைசி பஸ்ஸை நம்ப வேண்டியிருக்கும், கூட்டமும் அதில்தான்.

ஸ்வெட்டரையும் குல்லாவையும் பையின் அடியில் போடாதீர்கள். ஆறு நாள் வெயிலுக்குப் பழகின உடம்பு, கொண்டை ஊசி வளைவு ஏற ஏற நடுங்க ஆரம்பிக்கும். வத்தலக்குண்டில் டீ குடிக்கும்போதே கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் வருடம் இதைச் செய்யாமல் பத்து நாள் சளியில் கிடந்தேன்; அந்த மருந்துச் செலவு 4,300இல் சேராது.

கருவாட்டை மூன்று சுற்று பேப்பரில் கட்டி, பாலிதீன் போட்டு, அப்புறம் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். நாங்கள் ஒரு சுற்றோடு விட்டோம். மலை ஏறுகையில் ஜன்னல் எல்லாம் குளிருக்கு மூடிவிட்டார்கள். மூன்றாவது வளைவில் கண்டக்டர் தம்பி எழுந்து, "யாருக்கா கருவாடு?" என்றார். மதினி என்னைப் பார்த்தாள். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.